காசு கொடுத்து வாங்கும் பயம்

ஒரு கேளிக்கைப் பூங்காவின் இருட்டறையில் தொடங்கிய சில ஞாயிற்றுக்கிழமைகள், மாட்டுங்காவின் அகலமான தெருக்கள் வழியாகத் தாராவியின் கறுப்புக் கோட்டைக்கு இட்டுச் சென்றன.

மும்பை–புனே எக்ஸ்பிரஸ் சாலையில் கோபோலிக்கு அருகே இருக்கிறது இமேஜிகா. 2013 ஏப்ரலில் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா. செம்பூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினால் கதவு திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். எங்கள் வீட்டில் நான்கு பேர். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் நண்பரின் வீட்டில் நான்கு பேர். அந்த நால்வரில் மூத்தவர் நண்பரின் அம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். எங்கள் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் ஆச்சி.

பிள்ளைகள் முதலில் ஓடிய இடம் சலீம்கட். பழைய கோட்டைச் சிறை போல ஜோடிக்கப்பட்ட, இருட்டுக்குள் நடந்தே கடக்க வேண்டிய ஒரு பயமுறுத்தும் மாளிகை. வரிசையில் நின்ற பிள்ளைகளை ஆச்சி ஒரு பார்வை பார்த்தார். “காசு குடுத்துப் பயப்படவா போறிய? நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே எதிர்பார்த்ததெல்லாம் இருந்தது. இருட்டு, ஓலம், முன்னால் போகிறவரின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்ட விரல்கள். சில நிமிடங்களில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டோம். அதிகமாக அலறியவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “சலீம்கட்னு நெஜமாவே ஒரு இடம் இருந்துச்சா?”

இருந்தது, இருக்கிறது.

டெல்லி செங்கோட்டைக்கு வடக்கே, யமுனைக் கரையில் 1546ல் கட்டப்பட்டது சலீம்கட். கட்டியவர் ஷெர்ஷா சூரியின் மகன் சலீம் ஷா. ஹுமாயூன் திரும்பி வந்துவிடுவாரோ என்ற கவலை இருந்த காலம் அது. பின்னால் முகலாயர்கள் வசமான அந்தக் கோட்டை, ஔரங்கசீப் காலத்தில் சிறையாயிற்று. அவர் தன் தம்பி முராத் பக்ஷை அங்கே அடைத்தார். பிறகு தன் மகள் ஜெபுன்னிசாவையும் அடைத்தார். கலகம் செய்த இளவரசர் அக்பருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. ‘மக்ஃபி’ என்ற புனைபெயரில் பாரசீகக் கவிதை எழுதியவர் அவர். அச்சொல்லுக்கு ‘மறைந்திருப்பவள்’ என்று பொருள். சுமார் 20 ஆண்டுகள் அந்தச் சுவர்களுக்குள் மறைந்திருந்து அங்கேயே முடிந்துபோனார். இன்றும் டெல்லியில் சலீம்கட் ஆவிக் கதை என்றால் அது இந்த இளவரசியின் கதைதான்.

அதோடு முடியவில்லை. 1945ல் பிடிபட்ட இந்திய தேசிய ராணுவத்தினரை ஆங்கிலேயர்கள் சலீம்கட்டில் சிறை வைத்தார்கள். பக்கத்துச் செங்கோட்டையில்தான் ஷா நவாஸ் கான், பிரேம் சகல், தில்லான் மூவர் மீதும் அந்தப் பிரபலமான வழக்கு நடந்தது. அந்தப் பிரேம் சகலை 1947ல் மணந்தவர், ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய சென்னைப் பெண் கேப்டன் லட்சுமி. 1995ல் சலீம்கட்டில் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய டெல்லி ஸ்டேஷனிலிருந்து ஷாதராவுக்குப் போகும் ரயில் இந்தக் கோட்டையைப் பிளந்துகொண்டுதான் யமுனைப் பாலம் ஏறுகிறது. ரயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

கோபோலியில் அந்தப் பெயருக்கு நீண்ட வரிசை. டெல்லியில் அந்தப் பெயருக்குச் சொந்தமான இடத்தில் அந்த வரிசை இல்லை.

லண்டன் காட்டிய வழி

வரலாற்றின் பயங்கரங்களைக் கட்டணம் வாங்கிக் காட்டும் தொழிலுக்கு இன்று உலகறிந்த உதாரணம் ‘லண்டன் டஞ்சன்’. 1974ல் லண்டன் பிரிட்ஜ் அருகே, டூலி தெருவில் ரயில் பாதையைத் தாங்கும் வளைவுகளுக்கு அடியில் தொடங்கியது. முதலில் மெழுகுப் பொம்மைகளும் சித்திரவதைக் கருவிகளும் இருந்தன. பின்னால் நடிகர்கள் வந்தார்கள், ஒலியும் ஒளியும் வந்தன, படகுச் சவாரிகூட வந்தது. 2013ல் தேம்ஸ் நதிக்கரையின் பழைய கவுன்ட்டி ஹால் கட்டிடத்துக்கு இடம் மாறியது. பல தேசங்களிலிருந்து வருகிறவர்கள் அங்கே 1665ன் பிளேக்கையும் 1666ன் பெருந்தீயையும் கொலைகாரன் ஜாக் த ரிப்பரையும் பார்த்துக் கத்திவிட்டு, வாசலில் நினைவுப் பொருள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்கூத்தில் துச்சாதனன் பாய்ந்து வரும்போது மடியிலிருக்கும் குழந்தை வீறிடுவதும் இதே வகைதான். ஆபத்தில்லாத பயம் ஒரு சுகம். அதற்கு ஒரு நிபந்தனைதான் உண்டு. பயத்துக்குக் காரணமானது செத்து வெகுகாலமாகியிருக்க வேண்டும். லண்டனில் பிளேக் முடிந்து மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அதனால்தான் சிரிக்க முடிகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குச் சொல்லியிருக்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்ததாக, அதே மூச்சில் ஆள்பவரையும் அவர் வைத்துவிட்டார். சலீம்கட்டின் நிஜக் கதையில் பேயாகச் சொல்லப்படுபவர் ஜெபுன்னிசா. ஆனால் பயப்பட வேண்டியிருந்தது அவரை அடைத்த இறைக்கு.

இமேஜிகாவிலிருந்து திரும்பிய பிறகு பிள்ளைகளுக்கு ஆசை கூடிவிட்டது. இதே மாதிரி, ஆனால் நிஜமான இடம் மும்பைக்குள்ளேயே இல்லையா என்றார்கள். தேடிக்கொண்டு கிளம்பினோம்.

மாளிகைக்கு அடியில்

முதலில் போனது மலபார் ஹில். அங்கே கடலோரத்தில் இருக்கும் மகாராஷ்டிர ஆளுநர் மாளிகைக்கு அடியில் ஒரு பதுங்கறை இருப்பது 2016 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. சுரங்கம் இருப்பதாக வெகுகாலமாக இருந்த பேச்சைக் கேட்டு, அப்போதைய ஆளுநர் வித்யாசாகர் ராவ் அடைத்திருந்த சுவரைத் திறக்கச் சொன்னார். உள்ளே 13 அறைகள். சில அறைகளுக்குக் குண்டுக் கிடங்கு, தோட்டாக் கிடங்கு, பட்டறை என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளுக்குத் தீனி போட்ட இடம். 2019 ஆகஸ்டில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். 2022 ஜூனில் மகாராஷ்டிரப் புரட்சியாளர்களைப் பற்றிய காட்சிக்கூடமும் சேர்ந்தது.

முன்பதிவு செய்து, அடையாள அட்டை காட்டிப் போனோம். நல்ல வெளிச்சம், சுத்தமான தரை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். “இதுல பயமே இல்லையே” என்றான் நண்பரின் மகன். உண்மைதான். ஆனால் காட்சிக்கூடத்தில் இருக்கும் சாபேகர் சகோதரர்களின் கதை எங்களை நிறுத்தியது. 1897 ஜூன் 22ல் புனேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டவர்கள் அவர்கள். பிளேக் தடுப்பு என்ற பெயரில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்ததில் மூண்ட கோபம் அது. அதற்காகத் தூக்கில் ஏறினார்கள்.

லண்டனில் வேடிக்கையாகக் காட்டப்படும் அதே பிளேக். மும்பையில் அதற்கென்று யாரும் இருட்டறை கட்டவில்லை. ஆனால் மும்பைத் தமிழர்கள் அதன் மேல்தான் தினமும் நடக்கிறார்கள்.

பிளேக் போட்ட தெரு

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்காரர் ஒரு நோயாளியைப் பார்த்து இது பிளேக் என்று சொன்னார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான சால்களும் நிறைந்த பகுதி அது. எலிகள் செத்து விழுந்தன, பிறகு மனிதர்கள். சில மாதங்களில் நகரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஓடினார்கள். மில்கள் ஆளில்லாமல் நின்றன. அடுத்த இருபதாண்டுகளில் இந்தியா முழுவதும் பிளேக்குக்குப் பலியானவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898ல் சொன்னார். அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அதிகாரிகள் பழி போட்டது அழுக்கின் மீதும் கெட்ட காற்றின் மீதும்தான். வீடுகளுக்கு வலுக்கட்டாயமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்தார்கள். மனிதர் வசிக்கத் தகுதியில்லாதது என்று தீர்மானித்த வீட்டின் சுவரில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிவிட்டுப் போனார்கள். காய்ச்சல்காரர்களை இழுத்துச் சென்றார்கள். நோயைவிட ஆஸ்பத்திரி வண்டிக்கு ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். 1896 அக்டோபரில் ஏராளமான மில் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியதும் நடந்தது.

தொல்காப்பியரின் பட்டியல் இங்கே அப்படியே பொருந்துகிறது. விலங்கு என்றால் புலியும் யானையும் என்றுதான் நினைத்திருந்தோம். பம்பாயில் அது எலியாக வந்தது. இறை, சுவரில் எழுதும் தூரிகையோடு வந்தது.

அதே சமயத்தில் வேறு வேலையும் நடந்தது. வால்டெமார் ஹாஃப்கின் என்ற ரஷ்யப் பேரரசில் பிறந்த யூத விஞ்ஞானி, கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறு இடத்தில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10ல் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1899ல் அவருடைய ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. அந்த மாளிகை காலியாக இருந்ததற்குக் காரணமும் நோய்தான். 1880களில் ஆளுநர் ஃபெர்குசனின் மனைவி அங்கே காலராவில் இறந்த பிறகு, ஆளுநர்கள் மலபார் முனைக்குக் குடிபோய்விட்டார்கள். நாங்கள் பார்த்துவிட்டு வந்த பதுங்கறைக்கு மேலே இருக்கும் மாளிகை நிரந்தர இருப்பிடமானது அப்படித்தான்.

1898ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடிப்பது, கடற்காற்று உள்ளே வர அகலமான சாலைகள் போடுவது, வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த இடத்தில் புதுக் குடியிருப்புகள் அமைப்பது அதன் வேலை. அந்த வடக்குத் திட்டத்தில் பிறந்ததுதான் இன்றைய தாதர்–மாட்டுங்கா. ஃபைவ் கார்டன்ஸும், மரம் சூழ்ந்த தெருக்களும், வீட்டுக்கு வீடு விட்ட இடைவெளியும் பிளேக் பயத்தில் வரைந்த வரைபடத்தின் கோடுகள். அந்தத் தெருக்களில்தான் அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் குடியேறினார்கள். 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. 1942ல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராமநாயக்கின் உடுப்பிச் சாப்பாட்டுக்கூடம் வந்தது. மல்லிகையும் கறிவேப்பிலையும் விற்கும் தெரு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஃபைவ் கார்டன்ஸில் நடத்திக்கொண்டு இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. இட்லி சாப்பிட வருகிற இடத்தில் பேய்க்கதையா?

கதை அதோடு முடியவில்லை. இடித்த வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு மாட்டுங்கா மனைகள் கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் நெருக்கமான வேறு இடங்களுக்கு நகர்ந்தார்கள். நகரத்துக்குள் வேண்டாம் என்று நினைத்த நாற்றமடிக்கும் தொழில்கள் ஏற்கனவே வடக்கு எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோல் பதனிடும் தொழில், கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த தாராவிக்கு வந்துவிட்டது. அந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சென்ட்ரல் ரயில் பாதைக்குக் கிழக்கே மாட்டுங்காத் தமிழர்கள், மேற்கே தாராவித் தமிழர்கள். இரண்டையும் உருவாக்கியதில் ஒரே பயத்துக்குப் பங்கு உண்டு. நகரம் ஒரு பக்கம் சுத்தத்தை வைத்தது. மறுபக்கம் தான் பார்க்க விரும்பாததை வைத்தது.

கறுப்புக் கோட்டை

அதற்கடுத்த வாரம் சயான். ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் ஒரு குன்று, அதன் மேல் இடிந்த கோட்டை. 1669 முதல் 1677 வரை பம்பாய் ஆளுநராக இருந்த ஜெரால்ட் ஆஞ்சியர் காலத்தில் கட்டியது. ஆங்கிலேயரின் தீவு அங்கே முடிந்தது. எதிரே சால்செட், போர்ச்சுக்கீசியருடையது. இன்று அடிவாரத்தில் பூங்கா, மேலே காதலர்கள். பயப்பட ஒன்றுமில்லை, மூச்சு வாங்குவது தவிர.

அங்கிருந்து தாராவிக்குப் போனோம். மித்தி நதிப் பக்கம் ஒரு சின்னக் கோட்டை இருக்கிறது. ரிவா கோட்டை என்பது ஏட்டுப் பெயர். ஊர்ப் பெயர் காலா கில்லா, கறுப்புக் கோட்டை. பக்கத்து பஸ் டெப்போவுக்கும் அதே பெயர்தான். சுற்றிலும் வீடுகள் நெருக்கி நிற்கின்றன. டிக்கெட் கவுண்டர் இல்லை, வழிகாட்டி இல்லை. கருங்கல் சுவரில் செடிகள் முளைத்திருக்கின்றன. சுவரில் பதித்த கல்வெட்டு, 1737ல் பம்பாய் ஆளுநர் ஹார்ன் உத்தரவின்படி கட்டப்பட்டது என்று தெரிவிக்கிறது.

அந்த ஆண்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு. 1737ல்தான் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர்கள் சால்செட் தீவுக்குள் புகுந்து தானாவைப் பிடித்தார்கள். 1739 மே மாதத்தில் வசாய் கோட்டையும் விழுந்தது. இந்தச் சிற்றாறுக்கு அந்தப் பக்கம் என்ன வருமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுப்பிய காவல் மேடை இது. இன்று அதே ஆற்றின் எதிர்க்கரையில் பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன.

கோட்டைக்குள் சுரங்கம் இருக்கிறது என்று அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான். எல்லாக் கோட்டைக்கும் உண்டான கதைதான். ஆனாலும் எங்கள் பிள்ளைகளின் கண் விரிந்தது, இமேஜிகாவில் விரிந்ததைவிட அதிகமாக.

பார்க்க வருகிறவர்கள்

தாராவியே ஒரு காட்சிப் பொருளாகி வெகுநாளாயிற்று. 1987ல் ‘நாயகன்’ வந்தபோது, மாட்டுங்கா–தாராவி வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்த வரதராஜ முதலியாரின் கதை என்றுதான் தமிழ்நாடு அதைப் பார்த்தது. தொல்காப்பியரின் மூன்றாவது அச்சம், கள்வர். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே அவர் போட்ட பிள்ளையார் சதுர்த்திப் பந்தலை இன்றும் வியப்போடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் 1988ல் சென்னையில் இறந்தார். 2008ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, 2018ல் ‘காலா’. 2000களின் நடுவிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளைத் தாராவிக்குள் நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுலாவும் நடக்கிறது. படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். பயந்துகொண்டே உள்ளே வருகிறவர்கள் பிளாஸ்டிக் மறுசுழற்சிப் பட்டறையையும் கும்பார்வாடாவின் சூளைகளையும் தோல் கடைகளையும் பார்த்துவிட்டு, இவ்வளவு வேலை நடக்கிறதா என்று ஆச்சரியத்தோடு திரும்புகிறார்கள்.

2020ல் யாரும் பார்க்க வரவில்லை. ஏப்ரல் 1ல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு அன்றே இறந்தார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர். பல குடும்பங்களுக்குப் பொதுக் கழிப்பறை. நாடே இந்த இடத்தைப் பார்த்துப் பயந்தது. தாராவி முகவரி சொன்னால் வேலைக்குச் சேர்க்கத் தயங்கியவர்களை நண்பரே பார்த்திருக்கிறார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை நல்ல உதாரணமாகக் குறிப்பிட்டார். 1897ன் சிப்பாய்களை நினைத்துப் பார்த்தால், இந்த முறை கதவைத் தட்டியவர்களில் பலர் அதே சந்தைச் சேர்ந்தவர்கள் என்பது பெரிய வித்தியாசம்.

ஆச்சியின் பட்டியல்

காலா கில்லாவிலிருந்து நண்பர் வீட்டுக்கு நடந்தோம். கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே மரப் பலகை போட்ட மாடி. டீ வந்தது. எங்கள் மகன் ஆச்சியிடம் கேட்டான், “நீங்க எதுக்குத்தான் பயப்படுவீங்க, ஆச்சி?”

அவர் யோசிக்காமல் சொன்னார். வந்த புதிதில், 1966க்குப் பிறகு, தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் தெருவில் கேட்டால் கடையடைப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரமெங்கும் சுமார் 900 பேர் செத்த கலவரத்தில், ராத்திரி சந்து முனையில் ஆண்கள் கம்போடு காவல் இருந்தார்கள். பின்வீட்டு முஸ்லிம் பெண்ணும் இவரும் ஒரே விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2005 ஜூலை 26ல் சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி பொங்கியபோது, பேரனைப் பெற்று வீட்டுக்கு வந்திருந்த மருமகளை மேல் பலகைக்கு ஏற்றிவிட்டு இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கொரோனாவில் ஆம்புலன்ஸ் சத்தம்.

“அதெல்லாம் வந்துச்சு, போச்சு” என்றார். “இப்ப உள்ளதுதான் தெரியல.”

இப்போது உள்ளது வாசலில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிய ஓர் எண். மகாராஷ்டிர அரசும் அதானி குழுமமும் சேர்ந்த நிறுவனம் செய்யவிருக்கும் தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் வீடு வீடாக இடப்பட்ட எண் அது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இங்கே கீழ்த்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. பின்னால் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வேறு இடத்தில், வேறு விதிகள். நண்பரின் வீடு கீழ்த்தளத்துக் கணக்கில் வரும். பட்டறை நான்கு சந்து தள்ளி, ஒரு மேல்தளத்தில். அங்கே வேலை செய்யும் ஆறு பேர் ராத்திரி அங்கேயேதான் தூங்குகிறார்கள்.

நல்ல வீடு வேண்டாம் என்று அந்தச் சந்தில் யாரும் சொல்லவில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நின்று வாழ்நாளைக் கழித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிளேக் காலத்து டிரஸ்ட் இடித்ததையும் கட்டியதையும் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி மட்டும் எழும். அன்று அகலமான தெரு வந்தது; அந்தத் தெருவில் குடியேறியவர்கள் வேறு ஆட்கள். இந்த முறை யார்?

இமேஜிகாவுக்குப் போகிறவர்கள் போய்வரட்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல நாள். மும்பைக்கு வருகிறவர்கள் இன்னொரு ஞாயிறு மிச்சம் வைத்துக்கொள்ளலாம். மாட்டுங்காவில் டிபன் சாப்பிட்டு, ஃபைவ் கார்டன்ஸில் நடந்து, சயான் கோட்டை ஏறி இறங்கி, மதியத்துக்குள் காலா கில்லாவைப் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் வேண்டாம். தாராவிச் சந்துகளில் யாரையாவது தெரிந்தவரோடு போவது நல்லது. ஆபத்து என்பதற்காக அல்ல. அது மனிதர்கள் குடியிருக்கும் வீட்டு வாசல் என்பதால்.

கிளம்பும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்த ஒரு தகரப் பெட்டியைப் பிள்ளைகள் இழுத்தார்கள். கோட்டை, சுரங்கம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பெட்டியைப் பார்த்ததும் புதையல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆச்சி அதைக் காலால் உள்ளே தள்ளினார். பழைய ரேஷன் கார்டும், கணவர் பெயரில் வந்த மின்சார பில்களும், 1990களின் வாக்காளர் பட்டியல் நகலும் அதில் இருப்பதாக நண்பர் சொன்னார். டீயும் முறுக்கும் எவ்வளவு கேட்டாலும் கொடுத்த ஆச்சி, அந்தப் பெட்டியை மட்டும் யாரும் தொட விடவில்லை.